ஏழாம் நம்பரின் கடன்

அன்றைக்கு வாழைக்காய் ஷெட்டில் இருந்தவர்கள்: கணக்கு எழுதுகிற நான், மேஸ்திரி, காய் கழுவுகிற பெண்கள் இரண்டு பேர், லோடு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர், வடக்கிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆட்கள் ஏழு பேர். மொத்தம் பன்னிரண்டு. முதலாளி இல்லை. தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இவ்வளவு சுத்தமாக எண்ணி எழுதக் காரணம் இருக்கிறது. அன்று மத்தியானம் அரசு ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் நோட்டை விரித்து, "சம்பவம் நடந்தப்ப அங்கன யார் யார் இருந்தீக?" என்று கேட்டார். "அஞ்சு பேர் இருந்தோம் சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவரும் எழுதிக்கொண்டார். கரண்ட் அடித்து எனக்கு முன்னால் கட்டிலில் கிடந்தவனைக்கூட நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. தட்டை அப்படியே தள்ளிவிட்டேன்.

அவனுடைய வலது கைக்கு என்ன ஆனது, அவனுக்குச் சேரவேண்டிய கூலி என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கையை இனி ஒன்றும் செய்ய முடியாது. கூலி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்கள் ஷெட் உத்தமபாளையத்துக்கு வெளியே தோட்டங்களை ஒட்டிய தகரக் கொட்டகை. தாராக வரும் வாழைக்காயைச் சீப்பு சீப்பாக அறுத்து, தொட்டித் தண்ணீரில் கழுவி, ஆளுயர ஃபேனுக்கு முன்னால் ஈரம் உலர்த்தி, அட்டைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்ற வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் கழுவுவார்கள். தார் தூக்குவது, அறுப்பது, பெட்டி ஏற்றுவது எல்லாம் வடக்கு ஆட்கள். நான் வருகைப் பதிவும் கூலிக் கணக்கும் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். கையெழுத்து திருத்தமாக இருக்கும், கூட்டல் தப்பாது. முட்டி தேய்ந்து தோட்ட வேலைக்குப் போகமுடியாமல் ஆன பிறகு அந்தக் கையெழுத்துதான் சோறு போடுகிறது.

ஆட்களுக்கு நம்பர் போட்டது நான்தான். வந்த புதிதில் பெயர் எழுதத்தான் பார்த்தேன். அவர்கள் சொன்னதை எழுதி நான் திருப்பி வாசித்தால் வேறாக ஒலித்தது. இரண்டு பேருக்கு ஏறக்குறைய ஒரே பெயர். ஒருத்தன் கூலியை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிடுவேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சுபாவம் அது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பதற்காகப் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள் நான். பெயரில் தப்பு வரும், நம்பரில் வராது என்று பட்டது. பதிவேட்டின் பின்பாதியில் ஒன்று முதல் ஏழு வரை எழுதி, ஆளுக்குச் சில பக்கம் ஒதுக்கினேன். மேலே 'இந்தி' என்று தலைப்பு.

முதலாளி பார்த்துவிட்டு, "காலேஜு படிச்ச புள்ளைகளுக்கே இந்த ரோசனை வராதும்மா" என்றார். நாலு நாளைக்கு அந்தப் பெருமை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நம்பர் நோட்டோடு நிற்கவில்லை. சட்டை மாட்டுகிற ஆணிக்கு மேல் சுவரில் ஏறியது. பெட்டிக்குப் போடும் கறுப்பு மையில் டீ மக்கில் ஏறியது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவர்களுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் மக். யாரும் உத்தரவு போடவில்லை. ஏழு மக்கையும் பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தது நான். ஒரே கெட்டில் டீதான், ஆனால் ஊற்றும்போது கெட்டிலின் மூக்கு அந்த மக்குகளில் படாமல் என் கை தானாகவே உயர்ந்துகொள்ளும். "ஏலே நாலு, தாரத் தூக்கு", "அஞ்சு எங்கடா போய்த் தொலஞ்சான்" என்று மேஸ்திரி கூப்பிட ஆரம்பித்த ஒரு வாரத்தில் ஏழு பெயர்களும் காணாமல் போயின. ஒருத்தன் ஊருக்குப் போய்விட்டால் வருகிற புது ஆளுக்கு அதே நம்பர், அதே ஆணி, அதே மக்.

சனிக்கிழமை செலவுக்காசு கொடுக்கும்போது நோட்டில் கைநாட்டு வாங்குவேன். அவர்கள் கட்டைவிரலை வைத்து எடுத்தவுடன் மைப் பெட்டியின் ஓரத்தைத் துணியால் துடைப்பேன். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். அவர்கள் விரலில் இருந்தது வாழைக்கறை. என் விரலிலும் அதே கறைதான், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அது தெரிந்துதான் கழுவினேன்.

கெட்டிலைத் தூக்கிப் பிடிக்கிற அந்தக் கை எனக்குப் புதிதாக வந்ததில்லை. என் சின்ன வயதில் அப்பா வடுகபட்டியில் டீக்கடை வைத்திருந்தார். கூரை எரவாணத்தில் தனியாக நாலு கண்ணாடி கிளாஸ் கவிழ்ந்திருக்கும். ஊருக்குக் கிழக்கே குடியிருந்தவர்கள் அதை அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே மாட்டிவிட்டுப் போக வேண்டும். பூண்டு மூட்டை தூக்கிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருகிற ஆள் கிளாஸை நீட்ட, நான் ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவேன். சிந்திச் சூடு கையில் பட்டாலும் அவர் முகம் மாறாது. "அவுகளுக்குச் சூடு தெரியாதுப்பா" என்று நான் சொன்னதற்கு அப்பா சிரித்தார். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ.

பிறகு கடை நொடித்தது. கம்பம் பக்கம் வந்தோம். படிப்பு நின்றது. விடியற்காலையில் ஜீப் ஏறி, மலை தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனேன். ஒரு ஜீப்பில் இருபது பெண்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி. கிளம்பும் முன் டிரைவர், "எத்தன உருப்படி ஏறியிருக்கு?" என்று கேட்பார். துவைக்கப் போட்ட துணியை எண்ணுகிற சொல். எங்களில் ஒருத்தி, "பதினெட்டு சேலை, ரெண்டு தாவணிண்ணே, கஞ்சி போட்டுத் தேச்சுக் குடுத்துருங்க" என்பாள். ஜீப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் மழைக்காலத்தில் அட்டை ஏறும். சாயங்காலம் சேலையை உதறினால் கெண்டைக்காலில் கொத்தாகத் தொங்கும். உப்பும் புகையிலையும் கேட்டதற்கு அங்கிருந்த சூப்பர்வைசர், "பாண்டிக்கு அட்டை கடிச்சாலும் அறியில்லா" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். பாண்டி என்றால் நாங்கள்தான். எங்களுக்கு அட்டை கடித்தால் தெரியாதாம். மலையாளம் எங்களுக்குப் புரியும் என்றுகூட அவருக்குப் படவில்லை. அன்று எனக்கு ரத்தம் கொதித்தது உண்மை. ஆனால் அந்தக் கோபத்தை இப்போது பிரித்துப் பார்த்தால் உள்ளே அழுகல்தான் இருக்கிறது. 'மனுசரை இப்படிச் சொல்லலாமா' என்று நான் நினைக்கவே இல்லை. 'எங்களைப் போய் இப்படிச் சொல்லலாமா' என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லத் தகுந்தவர்கள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று என் மனசுக்குள் ஓர் இடம் காலியாக, தயாராக இருந்தது. ஷெட்டுக்கு ஆள் வந்ததும் அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

தொட்டியை ஒட்டி நின்ற அந்த ஆளுயர ஃபேனில் கரண்ட் கசிகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் கழுவுகிற பெண்கள்.

"யக்கா, தொட்டிக்குள்ள கைய விட்டா சுருசுருங்குது. கட்டெறும்பு கடிச்ச மாதிரி" என்றாள் இளையவள்.

"ஒனக்கென்னடி வயசுப்புள்ள, சுருசுருங்கத்தேன் செய்யும்" என்றாள் மூத்தவள். "எனக்கு மூட்டுவலிக்கு எதமாத்தேன் இருக்கு. ஆசுபத்திரியில இதையே கரண்டு வைத்தியம்னு சொல்லி முன்னூறு ரூவா வாங்குறாக. இங்கன சும்மா வருது."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நேரம் யார் விழுவாரோ என்ற நினைப்புத்தான். நேராக மேஸ்திரியிடம் போனேன்.

"மேஸ்திரிண்ணே, எலக்ட்ரீசியனக் கூப்புடுங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"ஒனக்குக் காத்தடிச்சாலும் பயம், அடிக்காட்டியும் பயம். சீசன்ல எலக்ட்ரீசியனுக்கு எங்க போக? அவன் போனே எடுக்க மாட்டான்."

"அப்பப் பொம்பளைகள அங்கன நிறுத்தாதீக."

மேஸ்திரி தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரித்தா. இவளுகள அறுக்குற பக்கம் மாத்திவிட்டு, கழுவுறதுக்கு ஏழாம் நம்பரப் போட்டுருவோம். அவனுகளுக்கு இதெல்லாம் ஒறைக்காது. எருமத் தோலு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறேன். "அதுஞ் சரித்தேன்" என்றேன். பல நாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏழாம் நம்பர் எட்டு நாள் அந்தத் தொட்டியில் நின்றான். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். அவன் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ என் மேசைக்கு வந்து, ஈரக் கையைக் காட்டி, "தீதி, கரண்ட்" என்றான். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை தீதி. கரண்ட் என்பதற்கு எல்லா ஊரிலும் கரண்ட்தான். எனக்குப் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. இரண்டே வார்த்தை, இரண்டும் எனக்குத் தெரிந்த வார்த்தை. "மேஸ்திரிட்ட சொல்லு" என்று கையால் அந்தப் பக்கம் காட்டிவிட்டுக் கணக்கில் குனிந்துகொண்டேன். அவன் கையிலிருந்து சொட்டிய தண்ணீர் நோட்டில் விழுந்துவிட்டதா என்று பார்த்துத் துடைத்தேன்.

எட்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள் போல. அவன் ஈரக் கையோடு அதன் இரும்புக் கழுத்தைப் பிடித்தான். பிடித்த கை விடவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. உடம்பு மட்டும் உதறியது. ஆறு வருஷமாக இங்கே இருக்கிற இரண்டாம் நம்பர் ஓடிவந்து பிளாஸ்டிக் கிரேட்டால் ஒயரை அடித்துப் பிடுங்கினான். ஏழாம் நம்பர் தண்ணீருக்குள் விழுந்தான். கைக்குள்ளிருந்து கருகிய வாடை வந்தது.

லாரி டிரைவர் பதறிக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "அட, இந்திக்காரனா? நான் நம்மாளோன்னு பயந்தே போனேன்" என்றார். நல்ல மனிதர்தான் அவர். ஊருக்குப் போய்வந்தால் எங்களுக்கெல்லாம் அல்வா வாங்கி வருவார். மேஸ்திரி ஃபேனைச் சுற்றிப் பார்த்து, "மோட்டார் போச்சா பாருங்கடா" என்றார்.

ஷெட்டின் லோடு ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஓர் ஆள் சாய்ந்து உட்காரச் சீட் இருந்தது. அவன் கால்சட்டையிலேயே ஒன்றுக்குப் போயிருந்தான். "சீட்டு நாறிப்போகும், பின்னால போடு" என்றார் மேஸ்திரி. சாக்கை விரித்து, வாழைத்தண்டுக் கழிவுகளுக்கு நடுவில் கிடத்தினார்கள். இரண்டாம் நம்பர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் முன்சீட்டில் ஏறினேன். வழியெல்லாம் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டு எழுத உட்கார்ந்தார். "பேரு?"

"ஏழாம் நம்பருங்க" என்றேன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "பேரக் கேட்டா நம்பரச் சொல்றீக? இதென்ன செயிலா? ஒங்ககிட்டத்தான வேல பாக்காரு?"

"அஞ்சு மாசமா."

"அஞ்சு மாசமா நாயி வளத்தாக்கூடப் பேரு வச்சிருப்பீகளே ஆத்தா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் நம்பர் முன்னால் வந்து, பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் நிதானமாகத் தமிழில் சொன்னான். ஒடிசா. வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி ஒரு பெண்பிள்ளை. இந்தியே அவனுக்குத் திக்கித் திக்கித்தான் வருமாம். அவன் பக்கத்துக்கு மேலேதான் நான் 'இந்தி' என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

கருகிப்போன விரல்களை வெட்டி எடுக்கச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். பழக்கதோஷத்தில் நான் மைப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். அவன் இடது கையால் பேனாவை வாங்கி, கோணல் மாணலாக ஆனால் முழுசாக, இங்கிலீஷில் தன் பெயரை எழுதினான். பன்னிரண்டாவது படித்தவன். இருபது சனிக்கிழமை அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கியிருக்கிறேன். எழுதத் தெரியுமா என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. எட்டாவதோடு நின்றவள் அவனுக்குக் கைநாட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அமுக்கி எடு, இழுக்காதே என்று.

மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மிச்ச மூன்றும் மடங்கவில்லை.

மறுநாளே எலக்ட்ரீசியன் வந்தார். முதல் போனிலேயே எடுத்தார். எர்த் ஒயர் கழன்றிருந்தது. இருபது நிமிஷ வேலை. நானூறு ரூபாய் கூலி, என் கையால்தான் செலவு எழுதினேன்.

அந்த நாட்களில் மகனின் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் படிக்காமல் விட்ட வகுப்புப் புத்தகங்களைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு கப்பலின் அடித்தட்டுப் படம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனவர்களைத் தலைமாட்டுக்குக் கால்மாட்டாகப் படுக்கவைத்து வரைந்திருந்தார்கள். முதலில் என் மனசில் ஓடியது என்ன என்று சொல்கிறேன். 'இடம் வீணாகாம அடுக்கியிருக்காகளே.' ஷெட்டுக்காரியின் கண். பெட்டிக்குள் சீப்பு எத்தனை பிடிக்கும் என்று பார்க்கிற கண். அடுத்த நொடி எனக்கே என் மேல் பல்லி விழுந்தது போல் ஆகிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்தக் கப்பலிலும் கணக்கு எழுத ஒருத்தர் இருந்திருப்பார். சாட்டை பிடித்தவராக இருந்திருக்க மாட்டார். கூட்டல் தப்பக்கூடாதே என்று கவலைப்படுகிற, கையெழுத்துத் திருத்தமான ஒருத்தர். நம் பக்கத்து ஜனங்களை இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது கழுத்தில் நம்பர் போட்ட தகரத் துண்டைக் கட்டிவிட்டார்கள் என்று கம்பத்தில் ஒரு வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துண்டில் நம்பர் அடித்தவரும் வீட்டில் பிள்ளைகுட்டிக்காரராகத்தான் இருந்திருப்பார். பெரிய கொடுமைகளைப் பெரிய ராட்சசர்கள் செய்தார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு எல்லா வேலையும் செய்ய நேரம் ஏது? எங்கேயும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம். அவுகளுக்குச் சூடு தெரியாது. பாண்டிக்கு அட்டை தெரியாது. அவனுகளுக்குக் கரண்ட் ஒறைக்காது. வலிக்காது என்று ஆகிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், கூலியில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

பிடித்தது எவ்வளவு என்று அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தெரிந்தது. ஊருக்குப் போகிறேன், கணக்கு முடித்துக் கொடுங்கள் என்றான். முதலாளி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். மேஸ்திரி இருந்தார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் நின்றான், பக்கத்தில் இரண்டாம் நம்பர்.

வாசித்தேன். நூற்று முப்பத்திரண்டு நாள் வேலை, நாள் கூலி ஐந்நூற்று ஐம்பது. எழுபத்திரண்டாயிரத்து அறுநூறு. வாராவாரம் செலவுக்காசு இருபதாயிரம், வீட்டுக்கு அனுப்பியது இரண்டு தடவையாக இருபத்தேழாயிரம் போக, மிச்சம் இருபத்தையாயிரத்து அறுநூறு. அதற்குமேல் பக்கத்தின் முதல் வரி இருந்தது. முன்பாக்கி பதினெட்டாயிரம்.

"தீதி" என்றான் இரண்டாம் நம்பர். "அது முன்னாடி இருந்த ஏழு. அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டான்ல, அவன். இவன் இல்ல."

உண்மைதான். முந்தைய ஏழாம் நம்பர் பதினெட்டாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருநாள் காணாமல் போனான். அதை எங்கே எழுத என்று முதலாளியைக் கேட்டேன். "ஏழாம் நம்பர்லயே கெடக்கட்டும்மா, எங்க போயிரும்" என்றார். புது ஆள் வந்ததும் பக்கம் திருப்பி, பாக்கியை மேலே ஏற்றி, கீழே கோடு போட்டேன். நம்பர் ஒன்றுதானே. கணக்கு சரியாகவே இருந்தது. ஐந்து மாதமாக அவன் யாரோ ஒருத்தன் கடனைச் சுமந்துகொண்டு தார் தூக்கியிருக்கிறான்.

"அண்ணே, இது இவரு வாங்குனது இல்ல. ஏத்தி எழுதுனது நான்தேன், தப்பு" என்றேன்.

முதலாளி கோபப்படவில்லை. "என்னம்மா நீ. நம்பருக்குத்தான கடன்? அவனும் இவனுகள்ல ஒருத்தன்தேன. அவனுகளுக்குள்ள முடிச்சுக்கிருவானுக. அவன் வாங்குனா என்ன, இவன் வாங்குனா என்ன, எல்லாம் ஒரே கூட்டம்."

"அவன் பீகார்ண்ணே. இவரு ஒடிசா."

"ஓ, அம்மா இப்ப மேப்பெல்லாம் பாக்குறீக!" என்று மேஸ்திரி சிரித்தார்.

"ஆசுபத்திரிச் செலவு, ஆட்டோ, மருந்து, மூவாயிரத்து எரநூறு. அதையும் கழிச்சுக் குடு" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "நீ நம்மாளா, அவனுக ஆளாம்மா?" என்று கேட்டார்.

வாடகை, மகன் பீஸ், என் முட்டி எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. பேனாவை எடுத்துக் கழித்தேன். நாலாயிரத்து நானூறு வந்தது. எண்ணி நீட்டினேன். அவன் இடது கையால் வாங்கி, மடங்காத வலது கையில் வைத்து எண்ணப் பார்த்தான். நோட்டுகள் கீழே விழுந்தன. இரண்டாம் நம்பர் பொறுக்கிக் கொடுத்தான். அப்போது ஏழாம் நம்பர் தன் பாஷையில் அவனிடம் என்னவோ கேட்டான்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

இரண்டாம் நம்பர் தமிழில் சொன்னான். "அந்தக் கடன் வாங்குன ஆளு பேரு என்னன்னு கேக்குறான்."

நான் நோட்டைப் பார்த்தேன். மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மோட்டுவளையைப் பார்த்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"பேரா?" என்று மேஸ்திரிதான் கடைசியில் சிரித்தார். "அவனும் ஏழுதேன்."

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பணத்தைப் பைக்குள் வைத்தான். எங்களைப் பார்த்த பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அட்டை தொங்கும் காலோடு நின்று அந்தச் சூப்பர்வைசரை நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். சாக்கடைக்குள் எதுவோ நெளிவதைப் பார்க்கிற பார்வை.

அடுத்த வாரம் புது ஆள் வந்தான். நான் பதிவேட்டின் பின்பாதியைக் கிழித்துவிட்டு, ஏழு பேரையும் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, சொல்லச் சொல்லிப் புது நோட்டில் பெயர் எழுதினேன். ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துக் காட்டினேன். என் உச்சரிப்புக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்காவுக்கு வடக்க மாப்பிள்ள பாக்குறாக போல" என்றாள் இளையவள்.

"ஆமா, ஏழு பேர்ல எவனுக்கு மீச நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றாள் மூத்தவள்.

மேஸ்திரி இன்னும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நானும் அவசரத்தில் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டேன். மக்குகளைத் தூக்கிப் போட்டேன். டம்ளர் வாங்கித்தாருங்கள் என்று கேட்டதற்கு முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டிலிருந்து மூன்று டம்ளர் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

ஒடிசாவுக்கு, இரண்டாம் நம்பராக நான் எழுதியிருந்த அந்த ஆளின் போன் வழியாக, மாதம் ஆயிரமாக ஆறு மாதம் அனுப்பினேன். முதல் தடவை, யார் தருகிறார்கள் என்று அங்கிருந்து கேட்டதற்கு, பயத்தில், "மொதலாளி குடுத்தாருன்னு சொல்லு" என்றேன். மறுநாள் அங்கிருந்து முதலாளிக்கு வணக்கம் சொல்லிச் செய்தி வந்தது. அதைக் கேட்டதும் வாயெல்லாம் கசந்துபோனது. இத்தனைக்கும் பிறகு அந்த மனிதரை நல்லவராகவும் ஆக்கிக் கொடுத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லச் சொன்னேன். 'அப்படியானால் இது வேண்டாம்' என்று பதில் வந்தது. ஆனாலும் அனுப்பினேன், பிள்ளைக்கு என்று சொல்லி.

அந்த ஆறாயிரத்தைக் கூலிக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் முதலாளியின் பாக்கி என் காசில் குறைந்துவிடும். விரலுக்கு எவ்வளவு என்று எனக்குப் போடத் தெரியாது, யாரும் போடவும் இல்லை. புது நோட்டில் முதல் பக்கத்தில் அவன் பெயரை எழுதி, வேலை செய்த நாளுக்கான கூலியில் ஷெட் கொடுத்ததைக் கழித்து, கீழே கோடு போட்டிருக்கிறேன். மாதம் ஒரு தரம் முதலாளி கையெழுத்துக்கு நோட்டை நீட்டும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்து வைக்கிறேன். அவர் பார்க்காதது போல் பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்றைய தேதிக்கும் ஷெட் அவனுக்குத் தரவேண்டிய பாக்கி இருபத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.